லிச்சி மரத்தடியில அறுகம்புல்: முதல்ல மண்வெட்டியைக் கீழே வைங்க!

[காட்சி: வெள்ளைத் தட்டு. அதில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு தண்டு.]

இது வேர் இல்ல. கிட்ட வந்து பாருங்க. நுனி ஊசி மாதிரி கூர்மையா இருக்கா? நடுநடுவுல முடிச்சு தெரியுதா? வேருக்குக் கணு கிடையாது. இது மண்ணுக்குள்ள ஓடுற தண்டு, அறுகம்புல்லோட தண்டு. எண்ணலாம் வாங்க. ஒண்ணு, ரெண்டு... எட்டு கணு. ஒவ்வொரு கணுவும் தனியா முளைக்கக் கூடியது.

[காட்சி: கத்தரிக்கோலால் எட்டுத் துண்டு.]

ஒரு புல் இப்ப எட்டாச்சு. போன மாசம் லிச்சி மரத்தைச் சுத்தி வேர்வை சொட்டச் சொட்டக் கொத்தி விட்டீங்களே, அது களையெடுப்பு இல்லீங்க. நடவு! மெஷின் வச்சு உழுதவங்க நிலைமை இன்னும் மோசம். அது ஆயிரம் துண்டா நறுக்கி, சமமா விதைச்சும் விட்டிருக்கும்.

வணக்கம். நம்ம தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கம், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட்னு எங்கே பார்த்தாலும் வீட்டுப் பின்னால ஒரு மாமரம், ஒரு லிச்சி, ஒரு அவகாடோ, வேலியில கிரனடில்லா, அதாவது பேஷன் ஃப்ரூட் கொடி. 1860-ல இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிகளா ட்ரூரோ கப்பல்ல வந்து இறங்கின காலத்துல இருந்து கரும்புல களை கொத்தின பரம்பரை, அதனால மண்வெட்டி கையை விட்டுப் போகவே மாட்டேங்குது. வரலாறு அவ்வளவுதான், புல்லுக்கு வருவோம்.

குற்றவாளிங்க மூணு பேர். முதல் ஆள் அறுகு, இங்கே க்வீக்னு சொல்றது. ரெண்டாவது கிகுயு. கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதிப் புல், கென்யாவோட கிகுயு மக்கள் பேரைத்தான் வச்சிருக்காங்க. இதோட தாவரவியல் பேருல 'கிளாண்டெஸ்டினஸ்'னு ஒரு சொல் வரும். ஒளிஞ்சிருக்கிறதுன்னு அர்த்தம். பூவை இலை உறைக்குள்ளேயே மறைச்சு வச்சுக்கும். புல்லை ஒட்ட வெட்டின சில நாள் கழிச்சு, காலையில குனிஞ்சு பாருங்க, வெள்ளை நூல் நூலா நீட்டிக்கிட்டு நிக்கும். பூவுக்குள்ள இருந்து வெளியே நீளுற மகரந்தத்தாள் அது. திருடன் கையை மட்டும் வெளியே நீட்டுற மாதிரி!

மூணாவது கோரை. இது புல்லே இல்ல. தண்டை விரல்ல உருட்டிப் பாருங்க, முக்கோணமா தட்டும்.

அறுகு மேல எனக்கு ஒரு மரியாதை உண்டு, அதைச் சொல்லாம நகர முடியாது. கல்யாண வீட்டுல பெரியவங்க அட்சதை போட்டு என்ன சொல்றாங்க? 'ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி.' சிலர் 'வேரூன்றி'ம்பாங்க. என் ஓட்டு 'வேரோடி'க்குத்தான். அறுகு ஓடுது! மேலே ஒரு தண்டு படருது, கீழே ஒரு தண்டு ஓடுது, ரெண்டுலயும் கணுவுக்குக் கணு வேர். வெட்டினாலும் காய்ஞ்சாலும் கீழே இருக்கிற தண்டுல சேர்த்து வச்ச மாவுச்சத்தை எடுத்து மறுபடி தளிர்க்கும். அந்த வாழ்த்தைக் கட்டினவர் ஒரு தடவையாவது வயல்ல களை எடுத்து நொந்து போயிருக்கணும், இல்லேன்னா இவ்வளவு சரியா வராது. பிள்ளையாருக்கு வேண்டிய அறுகை ஒரு தொட்டியில வளருங்க. தொட்டி போதும்!

[காட்சி: அடர்ந்த மாமரத்தடி. தரையில் சருகு மட்டும்.]

இவ்வளவு கெட்டியான புல்லுக்கு ஒரே பயம்தான், நிழல். தழை இறங்கின மாமரத்தடியில அறுகைப் பார்த்திருக்கீங்களா? பெருக்க வசதியா இருக்கும்னு லிச்சியோட கீழ்க்கிளையை எல்லாம் கழிச்சு விடுறோம் பாருங்க, அங்கேதான் வெயில் உள்ளே வந்து புல்லும் வருது. பாவாடை மாதிரி கிளை தரைப்பக்கம் தொங்கட்டும், விடுங்க.

ஆனா கன்னுக்கு நிழல் ஏது? முதல் மூணு வருஷத்துக்கு நிழலை நாமதான் கொடுக்கணும். லிச்சி, அவகாடோ ரெண்டுக்குமே சாப்பாடு எடுக்கிற வேர் பெரும்பாலும் மேல் மண்ணுல, ஒரு அடி ஆழத்துக்குள்ளதான். புல்லும் அங்கேயேதான். அதனால கன்னைச் சுத்தி ஒரு மீட்டருக்குத் தோண்டவே கூடாது. மழை பெய்ஞ்ச மறுநாள், மேலே ஓடுற கொடியைக் கையால இழுத்து எடுங்க. மிச்சத்தை ஒட்ட வெட்டிட்டு, அட்டைப்பெட்டியை டேப் உரிச்சு ரெண்டு அடுக்கு விரிங்க. ஒரு அட்டை மேல இன்னொண்ணு ஒரு சாண் ஏறணும். பெரும்பாலானவங்க கோட்டை விடுறது இதுலதான், நாலு விரல் ஏத்தினா கிகுயு இடுக்கைக் கண்டுபிடிச்சு வெளியே வந்துடும். அட்டையை நனைச்சு, மேலே மரச்சீவல் பத்துல இருந்து பதினஞ்சு சென்டிமீட்டர். அடிமரத்துல இருந்து ஒரு சாண் தள்ளியே நிக்கணும். பட்டையில ஒட்டி ஈரம் தேங்கினா அடிமரம் அழுகும்.

கன்னுல இருந்து ஒரு மீட்டருக்கு வெளியே தாராளமாத் தோண்டலாம். ஜூன்ல இருந்து ஆகஸ்ட், நம்ம பக்கம் மழை குறைஞ்ச மாசம். மண்வெட்டி வேணாம், நாலு பல் ஃபோர்க். 20 சென்டிமீட்டர் இறக்கி, நெம்பி, மண்ணை உதறி, தண்டை அறுக்காம உருவுங்க. எடுத்ததை சிமென்ட் தரையில பரப்பி, முறிச்சா படக்குனு ஒடியற வரைக்கும் காய விடுங்க. பச்சையா கம்போஸ்ட்ல போட்டா அங்கே ஒரு கிளை ஆபீஸ் திறந்திடும். மூணு வாரத்துல விட்டுப்போன துண்டு தலைகாட்டும். சேர்த்து வச்ச மாவுச்சத்தைக் கடனா எடுத்துத்தான் அது தளிர்க்குது, உடனே எடுத்தா அந்தக் கடனை அடைக்க நேரம் கிடைக்காது.

[காட்சி: வாழைக் கொத்து. பக்கத்தில் ஸ்ப்ரேயர்.]

'மருந்து அடிச்சா வேலை முடிஞ்சுதே?' கமென்ட் பாதி இதுவாத்தான் இருக்கும். கிளைஃபோசேட்ங்கிற களைக்கொல்லி பச்சையா இருக்கிற எதுக்குள்ளேயும் போகும். இளங்கன்னோட பச்சைத் தண்டும் அதுல சேர்த்தி. வாழைப் பக்கக்கன்னு மேல பட்டா தாய்மரத்துக்கும் போகும். ஃப்ளுவாசிஃபாப் மாதிரி மருந்து புல்லினத்தை மட்டும் தாக்கும், மா, லிச்சி மாதிரி அகல இலையை விட்டுடும். ஆனா கரும்பும் மீலியும் (மக்காச்சோளம்) லெமன்கிராஸும் புல்லினம்தான், மறந்துடாதீங்க! கோரையை அது தொடாது. எதுவானாலும் உங்க மரத்தோட பேரு லேபிள்ல இருக்கணும், எத்தனை நாள் கழிச்சுப் பழம் பறிக்கலாம்னும் பாருங்க. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்கும், இலை நல்லா ஓங்கி வளரும்போது அடிங்க. அப்பதான் புல் சாப்பாட்டைக் கீழே இறக்கும், கூடவே மருந்தும் இறங்கும். முந்தின நாள் புல்லை வெட்டிட்டு அடிச்சா மருந்தை வாங்கிக்க இலை ஏது?

வீட்-ஈட்டரை, அதான் கயிறு சுத்திப் புல் வெட்டுற மெஷினை, கன்னுகிட்ட கொண்டு போகாதீங்க. நைலான் கயிறு பட்டையைச் சுத்திச் சீவிடும். புல் பிழைக்கும், லிச்சி சாகும்.

கோரைக்கு: மண்ணோட அள்ளி, கிழங்கைப் பொறுக்குங்க. கறுப்பு பிளாஸ்டிக்கையே குத்திக்கிட்டு வரும், அட்டையை நம்பாதீங்க.

பக்கத்துப் புல்தரையில இருந்து மறுபடி வராம இருக்க, எல்லையில ஸ்பேடால ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி விடுங்க. கோடையில மாசம் ஒரு தடவை அதைத் தாண்டிக் கழுத்தை நீட்டுற கொடியைக் கத்தரிச்சு விட்டாப் போதும். பக்கி வண்டியில வந்து இறங்குற க்ரால் (மாட்டுப்பட்டி) எருவை உடனே மரத்தடியில கொட்டாதீங்க, மாடு தின்ன புல்லோட விதை அதுல இருக்கும். குவிச்சு, நனைச்சு, சூடு ஏறி அடங்கட்டும். நடுவுல ரெண்டு தடவை புரட்டி விடுங்க, ஓரத்துல கிடக்கிற விதைக்கும் அந்தச் சூடு படணும்.