செத்த பக்கம்னு கோடு போட்ட இடத்துல துளிர்! பாறைக்காரியோட 16 மாசம்

மக்களே வணக்கம். இன்னைக்கு காபிகூட குடிக்கல, நேரா கேமராவத் தூக்கிட்டு தோட்டத்துக்கு வந்துட்டேன். கையில டம்ளர் இல்லாம நான் வீடியோ ஆரம்பிச்சதே இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். இன்னைக்கு நிக்க முடியல. இருங்க, கிட்ட வரேன். ஃபோகஸ் ஆகட்டும். இங்க, இந்தப் பட்டை வெடிச்சிருக்குல்ல, அந்த வெடிப்புக்குள்ள பாருங்க. கடுகு சைஸ்ல ஒண்ணு. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். என் நகத்தைப் பக்கத்துல வைக்கிறேன், அளவு புரியும். ரெண்டு இலை, கை கூப்புன மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு ஒரு விரற்கடை கீழ இன்னொண்ணு, அது இன்னும் பொடிசு.

பாறைக்காரிதான்! போன்சாய்க்குன்னு நான் தோண்டிட்டு வந்து பெட்டியில வளக்குற காட்டு ஆலிவ், அதான் நம்ம ஒலிவ மரம். ஆனா இது அவளோட பின்பக்கம், சுவரப் பாத்த பக்கம். தோண்டி எடுத்து 16 மாசமா ஒரு துளிர்கூட விடாத பக்கம். போன வீடியோல சாக்பீஸ்ல கோடு போட்டேனே, "இங்கேருந்து இது வரைக்கும் செத்த மரம், சனிக்கிழமை கிரைண்டர் வெச்சு குடையப் போறேன்"னு. அந்தக் கோடு இன்னும் அழியல பாருங்க. துளிர் கோட்டுக்கு உள்ள வந்திருக்கு. உள்ள!

சனிக்கிழமை நான் குடையல. கிரைண்டர்னா மாவு அரைக்கிறது இல்ல, மரம் செதுக்குற கை மெஷின். அன்னைக்கு ஃபயர் பேன், அதாவது காட்டுத்தீ பயத்துல வெளிய தீ மூட்டத் தடை அறிவிச்சிருந்தாங்க. மார்ச்னா இங்க ஆஸ்திரேலியால கோடை முடிஞ்ச நேரம், ஆனாலும் அடிலெய்ட்ல அன்னைக்கு அனல் காத்து. அந்த மாதிரி நாள்ல கிரைண்டரை வெளியில எடுக்க எனக்கு மனசு வராது. சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு உள்ள வெச்சுட்டேன். காத்து அடிக்காம இருந்திருந்தா இந்த இடம் இன்னைக்கு வெறும் பள்ளமா இருந்திருக்கும். காலையில தண்ணி ஊத்த வந்து இதைப் பாத்ததும் அப்படியே உக்காந்துட்டேன்.

புதுசா வந்தவங்களுக்காக கொஞ்சம் பின்னாடி போறேன். நான் நாகர்கோவில் பொண்ணு. ஒலிவ மரம், ஒலிவ எண்ணெய், ஒலிவ மலைன்னு சண்டே ஸ்கூல்ல கேட்டுக் கேட்டு வளந்தவ. நோவாவோட பேழைக்குப் புறா கொத்திட்டு வந்துச்சே, அந்த ஒலிவ இலை எப்படி இருக்கும்னு சின்ன வயசுல ரொம்ப யோசிச்சிருக்கேன். ஊர்ல அதுக்கு ஒரு வேப்பிலைதான் வரைஞ்சு வெச்சிருந்தோம். இங்க வந்தப்புறம்தான் நிஜ இலையைக் கையில எடுத்தேன். மேல கரும்பச்சை, திருப்பினா வெள்ளி. காத்தடிச்சா மரம் மொத்தமும் நிறம் மாறும்.

ஆனா தெற்கு ஆஸ்திரேலியால காட்டு ஆலிவ்வ களைன்னு சட்டப்படியே அறிவிச்சு வெச்சிருக்காங்க. நம்ம ஊர் சீமைக்கருவேலத்தை நினைச்சுக்கோங்க, கதை அதேதான். 1836-ல குடியேற்றம் ஆரம்பிச்சு கொஞ்ச வருஷத்துலயே ஆலிவ் வந்துடுச்சு. 1843-ல வந்த சாமுவேல் டேவன்போர்ட் அடிலெய்ட்ல பியூமாண்ட் பக்கம் தோட்டம் வெச்சு, ஊரெல்லாம் இதை வளக்கணும்னு ஊக்கம் குடுத்தார். எண்ணெய்க்காகத்தான். அப்புறம் பழத்தைப் பறவை தின்னுச்சு, நரி தின்னுச்சு, கொட்டை மலை பூரா விழுந்துச்சு. இப்ப அடிலெய்ட் ஹில்ஸ் சரிவுல யூகலிப்டஸ் காட்டுக்குள்ள புகுந்து, கீழ ஒரு புல்லுகூட முளைக்க விடாம நிக்குது. இலையில எண்ணெய் இருக்குறதால காட்டுத்தீ வந்தா இது நல்லா பத்திக்கும். வெட்டிப் போட்டாலும் அடிக்கட்டையிலேருந்து திரும்பத் திரும்ப முளைக்கும்.

அந்த முளைக்கிற வெறிதான் போன்சாய்க்கு வேணும். ஒரு மாமரத்தையோ பைன் மரத்தையோ வேரை மொட்டையா அறுத்து, தலையை மொட்டையா அறுத்து ஒரு தொட்டியில வெச்சா பிழைக்குமா? ஆலிவ் பிழைக்கும். ஸ்பெயின் பக்கம் மயோர்கா தீவுலேருந்து வர்ற காட்டு ஆலிவ் போன்சாய் படங்களைப் பாத்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடிச்சது. அதுக்கு இலை ரொம்பப் பொடிசு. நம்ம பாறைக்காரி தோட்டத்து ஆலிவ்வோட வம்சம், இலை கொஞ்சம் பெருசு. கிளை பிரியப் பிரிய அதுவும் சின்னதாகும்.

பாறைக்காரியைத் தோண்டுனது ஒரு பெரியவரோட ஆட்டுப் பண்ணையில. வருஷா வருஷம் களை அழிக்கவே அவருக்குப் பாதி சம்பாத்தியம் போகுது. "எடுத்துக்கோம்மா, நூறு வேணும்னாலும் எடுத்துக்கோ"ன்னார். இதை அழுத்திச் சொல்றேன், நிலத்துக்காரர் அனுமதி இல்லாம தோண்டாதீங்க. களைதானேன்னு நேஷனல் பார்க்லயோ ரோட்டோரத்துலயோ போய்த் தோண்டக்கூடாது. இன்னொண்ணு, வெட்டுன கிளையில பழம் இருந்தா பொறுக்கி மூட்டை கட்டி எடுத்துடுங்க. வேற இடத்துல கொட்டுனீங்கன்னா நீங்களே பத்து மரம் நட்ட மாதிரி.

இப்ப பிளேடு விஷயம். பழைய ஆளுங்க "திரும்பவுமா"ன்னு கேப்பீங்க. ஆமா, திரும்பவும்தான், அந்த 34 டாலர் எனக்கு இன்னும் ஆறல. ரெசிப்ரோகேட்டிங் சா, அதாவது முன்னும் பின்னும் ஓடி அறுக்குற மெஷின் ரம்பம், அதுக்கு அஞ்சு பிளேடு இருக்குற பாக்கெட், கிளை வெட்டுற நீளப் பிளேடு, 34 டாலர். காலையிலதான் வாங்குனேன். சுத்தி மண்ணை எடுத்தாச்சு, பக்க வேரையெல்லாம் அறுத்தாச்சு, அடியில போற பெரிய வேர் மட்டும் பாக்கி. மெஷினை உள்ள விட்டேன். ரெண்டு நிமிஷம் வெண்ணெய் மாதிரி போச்சு. அப்புறம் ஒரு சத்தம், பல்லு கூசுற சத்தம். பிளேடை வெளிய எடுத்தா பொக்கை வாய், ஒரு பல்லு இல்ல. ஏதோ கல்லு பட்டுடுச்சுன்னு ரெண்டாவது பிளேடைப் போட்டு ரெண்டு அங்குலம் தள்ளி விட்டேன். அதே சத்தம். மூணாவதை எதிர்ப்பக்கத்துலேருந்து விட்டேன், அது வளைஞ்சே போச்சு. மூணு பிளேடு, இருபது டாலருக்கு மேல, கால் மணி நேரத்துல. எங்க வீட்டுக்காரர் பேசாம போய் கார்லேருந்து தண்ணி கேனை எடுத்துட்டு வந்து அடிவேர்ல ஊத்தினார். மண்ணு கரைஞ்சு ஓடுச்சு. அப்பதான் தெரிஞ்சது. கல்லு மண்ணுல இல்ல, மரத்துக்குள்ள இருக்கு! ஒரு தேங்காய் மூடி அளவு வெள்ளைக் கல்லு. மரம் வளந்து வளந்து அதைச் சுத்தி உதடு மாதிரி மூடி, முழுங்கி வெச்சிருக்கு. இந்தா, இதுதான். கழுவிக் கழுவி இப்ப சக்கரைக் கட்டி மாதிரி மின்னுது. இதனாலதான் அவ பேரு பாறைக்காரி.

அதனால அறுக்குறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்துங்க. கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, ஸ்க்ரூடிரைவரால வேர் இடுக்கெல்லாம் குத்திப் பாத்து, அப்புறம் பிளேடை விடுங்க. மிச்ச ரெண்டு பிளேடுலதான் கல்லைச் சுத்தி அறுத்து முடிச்சேன். கல்லை எடுக்கல, எடுக்கவும் மாட்டேன்.

உயரம் சொல்லல பாருங்க. மேல 45 சென்டிமீட்டர் விட்டு வெட்டினேன். அடி அகலம் 22. வேர்னு பாத்தா ரெண்டு மூணு சுண்டு விரல் தடிமன்ல இருந்தது, அவ்வளவுதான், மத்ததெல்லாம் தட்டையா அறுத்த கட்டை. அது நவம்பர், இங்க வசந்தம் முடியிற நேரம். சூடு ஏற ஏற ஆலிவ் சீக்கிரம் வேர் விடும், அதனால நான் குளிர்காலத்துல தோண்டுறதில்ல. வெட்டுன வாய்க்குப் பேஸ்ட் பூசி, காய்கறிக் கடையில தூக்கிப் போடுற தெர்மாகோல் பெட்டியில அடியில ஓட்டை போட்டு, முழுக்க பியூமிஸ்னு சொல்ற ஓட்டை ஓட்டையான எரிமலைக் கல்லு, கொஞ்சம் பைன் பட்டை, அதுல நட்டு, ஆடாம கயிறு போட்டுக் கட்டினேன். மேல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பை. நிழல்ல வெச்சேன். ஏழாவது வாரம் முன்பக்கம் துளிர்ச்சது, பத்தாவது வாரம் முடியிறதுக்குள்ள முன்னாடி மட்டும் முப்பதுக்கு மேல எண்ணினேன். பின்பக்கம் ஒண்ணுகூட இல்ல.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? ஆலிவ்ல ஒவ்வொரு வேருக்கும் மேல ஒரு பாதை இருக்கு. வாய்க்கால் பாசனம் மாதிரி வெச்சுக்கோங்க, எந்த மடை திறந்திருக்கோ அந்த வயலுக்குத்தான் தண்ணி. ஒரு பக்கத்து வேரை முழுசா அறுத்தா அதுக்கு நேர் மேல இருக்குற பட்டை காய ஆரம்பிக்கும், உயிர் இருக்குற பக்கம் நரம்பு மாதிரி புடைச்சு நிக்கும். வயசான ஆலிவ் முறுக்கிக்கிட்டு, பாதி செத்து, பாதி உயிரோட நிக்கிறதுல இது ஒரு முக்கிய காரணம். பின்பக்கம் நான் ஒரு வேர்கூட விடல, கல்லு அங்கதான் இருந்தது. அதனால செத்துடுச்சுன்னு முடிவு பண்ணேன். சுரண்டிக்கூடப் பாத்தேன், பழுப்பாதான் தெரிஞ்சது. இப்ப யோசிச்சா, பட்டை தடிமனா இருக்கு, நான் மேலாகச் சுரண்டியிருக்கேன். கல்லுக்கு அடியில புதுசா வேர் ஓடியிருக்கணும். அந்த வேர்தான் இந்தத் துளிரை மேல அனுப்பியிருக்கு.

இந்த இடத்துல எனக்கு ஒரு கோபம் இருக்கு, சொல்லிடுறேன். போன மாசம் ஒரு விற்பனைக்குப் போனேன், எங்கன்னு சொல்லல. மேஜையில ஒரு காட்டு ஆலிவ், அருமையான அடி, யானைக்கால் மாதிரி. பளபளன்னு நீல கிளேஸ் தொட்டி. கிளையெல்லாம் வயர் சுத்தி படிப்படியா வளைச்சிருக்கு. 380 டாலர். எப்ப தோண்டுனதுன்னு கேட்டேன், டிசம்பர்னு சொன்னாங்க. ரெண்டு மாசம்! தொட்டியை லேசாத் தொட்டேன், மரம் உள்ள ஆடுது. வேரே இல்ல. அடிமரத்துல இருக்குற சேமிப்பை வெச்சுத்தான் அந்த இலையெல்லாம் வந்திருக்கு. எனக்கு முன்னாடியே ஒரு சின்னப் பையன், காலேஜ் படிப்பான் போல, காசை எண்ணிக் குடுத்து சந்தோஷமா தூக்கிட்டுப் போனான். அவன் கிட்ட ஓடிப்போய், "தம்பி, வயரைக் கழட்டிடு, ஒரு வருஷம் கிளையைத் தொடாதே"ன்னு சொன்னேன். கேட்டுக்கிட்டான். பிழைக்கணும்னு வேண்டிக்கிறேன். இப்படி விக்கிறதை என்னால ஏத்துக்கவே முடியாது.

கிளை விஷயத்துலயும் ஒண்ணு. அடிக்கட்டையிலேருந்து வர்ற புதுக்கிளை முதல் வருஷம் மரத்தோட சரியா ஒட்டியிருக்காது. அழுத்தி வளைச்சீங்கன்னா வேரோட பிடுங்குன கீரை மாதிரி அடியிலேருந்தே பிரிஞ்சு கையோட வந்துடும். ரொம்ப நாள் விட்டாலோ விறகு மாதிரி விறைச்சுக்கும். பென்சில் தடிமன் வர்ற நேரம்தான் சரி. நான் வயர் சுத்தாம, நூல் கட்டி கீழ இழுத்துத்தான் விட்டிருக்கேன், முன்னாடி அஞ்சு கிளை பாருங்க, ஒண்ணுகூட முறியல.

சரி, இப்ப என்ன பண்ணப் போறேன்? செதுக்குற பிளான் மொத்தமும் மாறுது. பின்பக்கம் முழுசா குடையிறதா இருந்தேன்ல, இப்ப துளிருக்கு நேர் கீழ கல்லு வரைக்கும் ஒரு பட்டையை, ரெண்டு விரல் அகலத்துக்குத் தொடவே மாட்டேன். அதுக்கு ரெண்டு பக்கமும் நிஜமாவே செத்திருக்கான்னு அடுத்த கோடை வரைக்கும் பாத்துட்டுத்தான் கிரைண்டர். செதுக்குன செத்த மரத்துக்குப் பூசுற லைம் சல்ஃபர் பாட்டில் வாங்கி வெச்சிருக்கேன், அது அப்படியே ஷெட்ல இருக்கட்டும். பின்னாடி ஒரு கிளை கிடைச்சா எனக்கு மரத்துக்கு ஆழமே வந்துடும், இத்தனை நாளா பக்கவாட்டுல பாத்தா படம் ஒட்டுன மாதிரி தட்டையாத்தான் இருந்தது.

குளிர் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பொடிசுக்கு வெயில் வேணும். 16 மாசமா சுவரப் பாத்தே நின்னுருக்கு. பெட்டியை இப்பவே திருப்புறேன். கேமராவை இந்த மேஜையில வைக்கிறேன், ஒரு நிமிஷம். கல்லு இருக்கே, கனம்... ம். இப்ப பாருங்க, கிழக்கு வெயில் நேரா அது மேல விழுது. சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால துடைச்சுட்டு நான் போய் காபி போடுறேன்.