மவுஸ் வேடம் போட்ட ஜிபிஎஸ்

வணக்கம் நண்பர்களே. வழக்கமாகத் தூக்குவாளியிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவேன். இன்றைக்கு டீ ஆறினாலும் பரவாயில்லை. மூன்று நாளாக என்னைப் பாடாய்ப்படுத்திய ஒரு சிக்கல் நேற்று இரவுதான் தீர்ந்தது. அதைச் சொல்லி முடிக்காமல் எனக்கு டீ தொண்டையில் இறங்காது.

போன வீடியோவில் முத்துப்பேட்டை லகூனில், அதாவது கடலோரக் காயலில், படகு சேற்றுத் திட்டில் ஏறி, நீர் ஏறும் வரை இரண்டு மணி நேரம் கொக்கைப் போல நின்றோமே, அதைப் பார்த்துப் பலரும் சிரித்திருந்தீர்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன்: சித்தப்பாவின் பைபர் படகில் லேப்டாப்பை வைத்து, அதில் ஜிபிஎஸ் ரிசீவரை இணைத்து, நல்ல தண்ணீர் உள்ள வழியைக் கோடாகப் பதிந்து வைத்துவிட வேண்டும். செல்போனே போதுமே என்று எழுதியவர்களுக்கு ஒரே பதில்தான். ஈரக் கையால் தொட்டால் செல்போன் கேட்பதில்லை, உச்சி வெயிலில் திரை தெரிவதில்லை, சித்தப்பாவோ கண்ணாடி இல்லாமல் அதில் எதையும் படிக்க மாட்டார். எனக்குப் பெரிய திரைதான் பிடிக்கும். இதில் நான் மாறப் போவதில்லை.

ரிசீவர் என்னுடையது இல்லை. நண்பர் ஒருவரின் வீட்டு அலமாரியில் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த, ஒன்பது முள் கொண்ட பழைய சீரியல் பிளக் வைத்த கருவி அது. இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே கிடையாது என்பதால், சீரியலை யூஎஸ்பியாக மாற்றும் கேபிள் வேண்டும். நான் முதலில் வாங்கியது 180 ரூபாய் கேபிள். அதற்குள் இருந்த சில்லு போலி என்பதால், கேபிளை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை ஏற்க மறுத்து மஞ்சள் முக்கோணத்தைக் காட்டியது. அடுத்து 650 ரூபாய் கொடுத்து ஒழுங்கான ஒன்றை வாங்கினேன். ஆக மொத்தம் 830 ரூபாய். 650-ஐ முதலிலேயே கொடுத்திருந்தால் 180 மிஞ்சியிருக்கும், அந்தக் காசுக்கு ஒரு நாள் மோட்டாருக்குக் கொஞ்சம் பெட்ரோலாவது கிடைத்திருக்கும், என்று இந்த மூன்று நாளில் வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

நல்ல கேபிளைச் செருகியதும் கூத்து ஆரம்பித்தது. திரையில் அம்புக்குறி தானாக ஓடியது. வலையில் விழுந்த கெண்டை துள்ளுவதைப் போல மூலைக்கு மூலை பாய்ந்து, கண்ட இடத்தில் கிளிக் செய்து, நான் திறக்காத கோப்புகளைத் திறந்தது. வைரஸ் என்று பயந்து ஓர் இரவு முழுவதும் ஸ்கேன் ஓட்டினேன், ஒன்றும் சிக்கவில்லை. காரணம் மிக எளியது. ரிசீவர் செருகிய நொடியிலிருந்தே விநாடிக்கு ஒரு முறை தகவலை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாரோ பேசுகிறார்களே என்று விண்டோஸ் கவனிக்கிறது. பழங்காலத்துச் சீரியல் மவுஸும் இப்படித்தான் பேசும் என்பதால், இதையும் மவுஸ் என்றே நினைத்துக்கொள்கிறது.

இணைந்த கருவிகளையெல்லாம் விண்டோஸ் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் மவுஸ்களின் பட்டியலைத் திறந்தால், அங்கே 'மைக்ரோசாஃப்ட் சீரியல் பால்பாயின்ட்' என்று ஒன்று அமர்ந்திருக்கும். அதை நீக்காதீர்கள், நீக்கினால் அடுத்த முறை மறுபடி வந்துவிடும், முடக்கி வையுங்கள். முடக்குவதும் லேசில்லை: ரிசீவரைக் கழற்றினால் அந்தப் பெயரே பட்டியலிலிருந்து மறைந்துவிடும், செருகியிருந்தாலோ அம்பு கையில் நிற்காது. அந்தப் போராட்டத்தில் நான் முதலில் முடக்கியது லேப்டாப்பின் சொந்த டச்பேடை. பிறகு டேப் விசையையும் அம்பு விசைகளையும் தட்டித் தட்டி அதை மீட்க அரை மணி நேரம் ஆனது.

அதன் பிறகு வேலை சுலபம். டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் எண்ணை, அதாவது கேபிளின் இணைப்புக்கு விண்டோஸ் கொடுத்த எண்ணைப் பாருங்கள், எனக்கு 7 வந்தது. அதே எண்ணை ஓப்பன்சிபிஎன் என்ற இலவசக் கடல் வரைபட மென்பொருளில் கொடுத்து, தகவல் வரும் வேகத்தை 4800 என்று வையுங்கள். வேகம் தவறினால் கிறுக்கல் எழுத்துகள்தான் வரும். ஒரே போர்ட்டை இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் திறக்க முடியாது என்பதையும் மறக்காதீர்கள். தகவல் வருகிறதா என்று பார்க்கத் திறந்த டெர்மினலை, அதாவது வரும் தகவலை அப்படியே எழுத்தாகக் காட்டும் மென்பொருளை, மூட மறந்துவிட்டு, படகுச் சின்னம் ஏன் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறது என்று நான் ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

அந்த டெர்மினலில் வந்த ஒரு வரியைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்பினேன். அதில் 003512 என்றால் உலகப் பொது நேரம் 00:35:12. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நமக்குக் காலை 6:05. அடுத்து வரும் எழுத்து ஏ என்றால் இடம் கிடைத்துவிட்டது, வி என்றால் இல்லை. அதற்கடுத்து அட்சரேகை, 1019.380. இதை 10.1938 பாகை என்று படித்தால் முடிந்தது கதை. அது 10 பாகை 19.380 கலை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், 19.380-ஐ 60-ஆல் வகுத்து 10-உடன் கூட்டினால் 10.323 பாகை. தவறாகப் படித்தால் நீங்கள் 14 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் போய்விடுவீர்கள், படகு லகூனில் நிற்காமல் பாக் நீரிணையில் நிற்கும். மென்பொருள் இதைத் தானே புரிந்துகொள்ளும். கையால் எண்ணை நகலெடுத்து எழுதுபவர்கள்தான் தவறு செய்வார்கள், நான் உட்பட.

சொல்ல மறந்துவிட்டேன், ரிசீவரின் அடியில் காந்தம் உண்டு. பைபரில் அது எங்கே ஒட்டும்? அதனால் பிஸ்கட் டப்பாவின் தகர மூடியைப் பின்பக்கத் தட்டில் திருகி, அதன் மேல் ஒட்டினேன். வானம் முழுக்கத் தெரியும் இடம் அது. நீண்ட காலம் தூங்கிய கருவி என்பதால் முதல் நாள் செயற்கைக்கோள்களைப் பிடிக்கக் கால் மணி நேரம் எடுத்தது. செயற்கைக்கோள்களின் முழு அட்டவணை ஒரு முறை ஒலிபரப்பாகி முடியவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும். தேதி மட்டும் இருபது ஆண்டு பின்னால் காட்டுகிறது. ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு, அதாவது ஏறத்தாழ இருபது ஆண்டுக்கு, ஒரு முறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. பழைய கருவிக்கு அது தெரியாது. இடம் சரியாக இருப்பதால் நான் கண்டுகொள்ளவில்லை.

நேற்றுக் காலை கோரையாற்றுத் துறையிலிருந்து லகூன் வரை ஓட்டிப் பார்த்தோம். கடல் வரைபடத்தில் இந்த ஆழமற்ற பகுதிக்கு உருப்படியான ஆழ எண்கள் இல்லை, இருந்தாலும் நான் நம்ப மாட்டேன். 2018-இல் கஜா புயல் வந்து அலையாத்திக் காட்டைப் புரட்டிப் போட்ட பிறகு திட்டுகளின் இடமே வேறு. நாம் ஓடித் தப்பிய கோடுதான் நமக்கு வரைபடம். சித்தப்பா பனை மரத்தையும் கரையையும் பார்த்துத்தான் ஓட்டினார், திரையை ஒரு முறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது போன கோட்டின் மேலேயே படகுச் சின்னம் ஊர்ந்ததைக் காட்டினேன். "தம்பி, நான் வந்த வழியிலதான வரேன்னு எனக்கே தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, கோலை ஊன்றிப் படகைத் துறையில் கட்டினார்.