பள்ளிக்கூடக் கதையில் இல்லாத பையன்

வணக்கம் நேயர்களே.

கொழும்பில் ஒரு தமிழ்க் குடும்பம். வசதியான வீடு, அப்பா ஹோட்டல் நடத்துகிறார். அந்த வீட்டுப் பையன் அர்ஜி. சின்ன வயதில் அவனுக்குப் பெண் பிள்ளைகளோடு சேர்ந்து கல்யாண விளையாட்டு விளையாடத்தான் பிடிக்கும். அதில் மணப்பெண் அவன்தான். ஒருநாள் சேலை கட்டிய கோலத்தில் பெரியவர்கள் கண்ணில் பட்டுவிடுகிறான். விளையாட்டு அன்றோடு நின்றுபோகிறது. வளர்ந்தபின், "அங்கே போனால்தான் இவன் ஆம்பிளை ஆவான்" என்று நம்பி அப்பா அவனை வேறொரு பள்ளிக்கு மாற்றுகிறார்.

ஷியாம் செல்வதுரை எழுதி 1994இல் வெளிவந்த 'ஃபன்னி பாய்' நாவலின் நாயகன் இந்த அர்ஜி. செல்வதுரையின் அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவில் குடியேறி, ஆங்கிலத்தில் எழுதியவர் அவர். நாவலில் ஆறு பகுதிகள். நான் இன்று பேச வந்தது அந்தப் பள்ளிக்கூடப் பகுதியைப் பற்றி.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரை மாணவர்கள் 'பிளாக் டை' என்று பட்டப்பெயரால் அழைக்கிறார்கள். காலனிக் காலத்துக் கண்டிப்பு மாறாத மனிதர். பிரம்பு அவர் கையைவிட்டு இறங்குவதில்லை. பிடிக்காத மாணவர்களை நாட்டின் சுமைகள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர். அர்ஜிக்கு அங்கே ஷெஹான் என்று ஒரு சிங்கள நண்பன் கிடைக்கிறான், நட்பு காதலாகிறது. ஷெஹான் கொஞ்சம் நீளமாக முடி வளர்ப்பவன். அந்த முடியைத் தலைமையாசிரியர் கத்தரியை எடுத்துத் தன் கையாலேயே வெட்டி எறிகிறார்.

அடுத்து வருவதுதான் எனக்கு இந்தக் கதையில் மிக முக்கியமான இடம். பரிசளிப்பு விழாவில் மேடையேறி இரண்டு ஆங்கிலக் கவிதைகளை ஒப்பிக்கும் பொறுப்பு அர்ஜிக்குக் கிடைக்கிறது. தலைமையாசிரியரின் பேச்சு முழுக்க அந்தக் கவிதைகளை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. பள்ளிக்குள் வேறொரு போரும் நடந்துகொண்டிருக்கிறது. துணைத் தலைமையாசிரியர் பள்ளியைச் சிங்கள பௌத்தப் பள்ளியாக மாற்றப் பார்க்கிறார். அதை எதிர்த்து நிற்பவர் இந்த பிளாக் டைதான். அவர் பதவி போனால் தமிழ்ப் பிள்ளைகளின் கதி என்ன? தமிழரான ஆசிரியர் ஒருவர் இதை அர்ஜிக்கு எடுத்துச் சொல்கிறார். நம் இனத்துக்காக நீ ஒழுங்காக ஒப்பிக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

பதின்வயதுப் பையன் தோளில் எவ்வளவு பெரிய பாரம், பாருங்கள். தன் மக்களைக் காக்கிற கையும் தன் நண்பனை அடிக்கிற கையும் ஒரே ஆளுடையவை. அர்ஜி மேடையேறுகிறான். கவிதை வரிகளை வேண்டுமென்றே குழப்பி, தாறுமாறாகச் சொல்கிறான். அவையே சிரிக்கிறது. தலைமையாசிரியரின் பேச்சு அர்த்தமற்றுப் போகிறது. சரி செய்தானா, தவறு செய்தானா என்று நாவலாசிரியர் நமக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு பையன் எப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தப்பட்டான் என்பதை மட்டும் காட்டுகிறார்.

நேயர்களே, தன்பாலீர்ப்புள்ள பிள்ளைகளிடம் நாம் எப்போதும் இதைத்தான் கேட்கிறோம். 'குடும்ப மானம் இருக்கிறது, நீ பொறுத்துக்கொள்.' 'அக்காவுக்குக் கல்யாணம் ஆகட்டும், அதுவரை வாயைத் திறக்காதே.' 'பள்ளிக்குக் கெட்ட பெயர் வந்துவிடும், புகார் வேண்டாம்.' அவர்களைவிடப் பெரியதாக ஏதோ ஒன்று எப்போதும் முன்னால் வந்து நின்றுவிடுகிறது. எத்தனையோ சுற்றறிக்கைகள் சொல்லமுடியாத இந்த உண்மையை ஒரு கதை சொல்லிவிட்டது. கதையின் வேலையே அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். நூலகப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். பி.இ.டி. பீரியடில் மைதானத்துக்குப் போகாமல் நூலகத்துக்கு ஓடிவருகிற பையன்கள் ஒவ்வோர் ஆண்டும் இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் படிப்பில் அத்தனை ஆசை என்று சொல்லமாட்டேன். மைதானத்தில் அவர்கள் நடையைப் பார்த்து, குரலைக் கேட்டு 'ஒன்பது' என்பார்கள், 'பொட்டை' என்பார்கள். வருகைப்பதிவு எடுக்கும்போது ஒன்பதாம் எண் வந்தால் வகுப்பு மொத்தமும் ஒருவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நூலகத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அலமாரி நிறைய இருந்த கதைகளில் அவனைப் போல ஒருவனும் இல்லை.

வெளியே இருந்த கதைகளில் இருந்தான். திரைப்படத்தில் இடுப்பை ஒடித்து நடந்துவருவான்; பின்னணியில் ஒரு கேலி இசை எழும்; கதாநாயகன் அருவருத்து விலகுவான்; தியேட்டர் சிரிக்கும். இல்லையென்றால் வில்லன், அல்லது வில்லனின் அடியாள். வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சிரிப்பை அங்கே கற்றுக்கொண்டுதான் இங்கே வந்து சிரித்தார்கள். சக மாணவனை எப்படி நடத்தவேண்டும் என்ற பாடத்தை அவர்களுக்கு முதலில் நடத்தியது திரை. நாங்கள் அல்ல.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் என்ன நடக்கிறது என்று யுனெஸ்கோவும் சென்னையின் சகோதரன் அமைப்பும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தன. 2019இல் அது வெளிவந்தது. பாலின, பாலியல் சிறுபான்மையைச் சேர்ந்த இளைஞர்களிடம் அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டார்கள். நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டோம் என்று சொன்னவர்கள் சுமார் 60 விழுக்காடு. படிப்பை விட்டதற்கு இந்தக் கொடுமை ஒரு காரணம் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பள்ளியில் யாரிடமாவது புகார் சொன்னவர்களோ ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கடைசி எண்ணிக்கைதான் என்னை மிகவும் வருத்துகிறது. அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர், நம்மிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

சட்டம் இதற்குள் எவ்வளவோ நகர்ந்துவிட்டது. ராகிங் தடுப்பு விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் திருத்தியது. சாதி, மதம், நிறம், மொழி இவற்றோடு பாலியல் ஈர்ப்பின் பெயரால் ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் தன்பால் உறவை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இலங்கையில் இன்னும் அந்த விடுதலை வரவில்லை. 1883இல் ஆங்கிலேயர் எழுதிவைத்த தண்டனைச் சட்டம் அங்கே இன்றும் நடப்பில் இருக்கிறது. செல்வதுரையின் நாவல் வந்த மறு ஆண்டு, 1995இல், அதில் தன்பால் உறவைக் குற்றமாக்கும் பிரிவைத் திருத்தினார்கள். ஆண்களுக்கு மட்டும் இருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் சேர்த்து விரித்தார்கள். அர்ஜியும் ஷெஹானும் வளர்ந்து பெரியவர்களாகி இருந்தாலும் அந்த மண்ணில் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றவாளிகளே.

இங்கே பாடப்புத்தகம் மாறியதா? மருத்துவ மாணவர்கள் படிக்கும் சட்டம்சார் மருத்துவப் பாடத்தில், தன்பால் உறவைப் பாலியல் குற்றங்களின் பட்டியலில் வைத்திருந்தார்கள். அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தன்பாலீர்ப்புள்ள மாணவி தன்னைப் பற்றிய அந்த வரியைப் படித்து, தேர்விலும் எழுதி, மதிப்பெண் வாங்கவேண்டும். சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் இதைச் சுட்டிக்காட்டியது. தேசிய மருத்துவ ஆணையம் அறிவுரை வெளியிட்டது. இருந்தும் 2024 ஆகஸ்ட் கடைசியில் வந்த புதிய பாடத்திட்டத்தில் அந்தப் பழைய வரிகள் மறுபடியும் தலைகாட்டின. எதிர்ப்பு வலுத்ததும் ஒரு சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். நீக்கியதைத் திரும்பக் கொண்டுவரும் அளவுக்கு அந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது.

நான் சொன்ன அந்த 2021 வழக்கை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்திருக்கிறேன். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். தன்பால் உறவைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். உளவியலாளர் ஒருவரிடம் நேரம் கேட்டு, மாணவரைப் போல உட்கார்ந்து கற்றுக்கொண்டபிறகே உத்தரவு எழுதினார். நீதிபதி நாற்காலியில் இருப்பவரால் அது முடிந்தது என்றால், ஆசிரியர் நாற்காலியில் இருக்கிற நம்மால் முடியாதா? கற்பதுதானே நம் தொழில்?

'இதையெல்லாம் கதையில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் கெட்டுப்போவார்கள்' என்று சொல்கிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயம் பொய்யென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் இந்தப் பயத்தை ஒரு நாடு சட்டமாகவே எழுதிப் பார்த்திருக்கிறது. அப்பாவோடும் அப்பாவின் ஆண் துணையோடும் வாழும் ஒரு சிறுமியைப் பற்றிய படக்கதைப் புத்தகம் பிரிட்டனில் பெரும் சர்ச்சையானது. 1988 மே மாதம், உள்ளாட்சிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்றது அது. அந்தப் பிரிவின்கீழ் யார் மீதும் வழக்கு நடந்து தண்டனை கிடைத்ததில்லை. ஆனால் ஆசிரியர்கள் பயந்தார்கள். வகுப்பில் ஒரு பையனைக் கேலி செய்து அடிக்கும்போது குறுக்கே புகுந்து பேசினால்கூட ஊக்குவித்ததாகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து 2000இலும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003இலும் அதைத் தூக்கி எறிந்தன. 2009இல் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரன் அதற்காக மன்னிப்புக் கேட்டார். புத்தகத்தை எடுத்துவிட்டதால் அப்படிப்பட்ட பிள்ளைகள் அந்தப் பள்ளிகளில் இல்லாமல் போய்விடவில்லை. துணைக்கு யாரும் இல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

தமிழில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. சு. சமுத்திரம் 'வாடாமல்லி' எழுதினார். ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதினார்கள். திருநங்கையர் வாழ்க்கை நம் இலக்கியத்துக்குள் வந்துவிட்டது. அது சாதாரண சாதனை இல்லை. 2018இல் சென்னையில் பாலின, பாலியல் சிறுபான்மையினருக்கான குயர் இலக்கிய விழா தொடங்கியது; அதில் எழுத்தாளர்களும் வாசகர்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு இன்னும் கிடைக்காதவன் அந்தப் பையன்தான். கணக்கு டெஸ்டுக்குப் படிப்பவன், சத்துணவு வரிசையில் நிற்பவன், பக்கத்து பெஞ்சு நண்பன் லீவு போட்டால் அன்று முழுக்க எதிலும் மனம் ஒட்டாதவன். அவனைச் சாகடிக்காமல், ஊரைவிட்டு ஓடவிடாமல் ஒரு கதை வேண்டும். கதையில் அவன் பாஸாகட்டும், பெயிலாகட்டும், தங்கையோடு சண்டை போடட்டும். அப்படி ஒரு கதை எழுதுகிறவருக்கு நான் முதல் வாசகியாக இருப்பேன்.

நேயர்களில் ஆசிரியர்களும் இருப்பீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு முன் நீங்கள் படியுங்கள் என்பதுதான் உங்களிடம் என் வேண்டுகோள். 'கனவு ஆசிரியர்' என்று நமக்கென்றே அரசு ஒரு இதழ் நடத்துகிறது. இப்படி ஒரு கதையை அதில் வெளியிட்டு, ஆசிரியர் அறையில் நான்கு பேர் உட்கார்ந்து விவாதித்தாலே போதும். வருகைப்பதிவின் ஒன்பதாம் எண்ணுக்குச் சிரிப்பு எழும்போது என்ன செய்யவேண்டும் என்பது ஒருவருக்காவது தெரிந்துவிடும்.

கேட்டுக்கொண்டிருப்பவர் மாணவராக இருந்து, உங்களுக்கு இந்தத் தொல்லை நடந்துகொண்டிருந்தால், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கான உதவி எண் 14417. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட யாரும் 1098ஐ அழைக்கலாம். கல்லூரியில் படிப்பவர்களுக்கான ராகிங் தடுப்பு எண் 1800-180-5522. கட்டணம் இல்லை. பேசத் தயக்கமாக இருந்தால், உங்களுக்கு நம்பிக்கையான நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நன்றி, வணக்கம்.