ஏறிப் போய்ப் பேசுவோம்

நேயர்களுக்கு வணக்கம். உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேசிக்கொள்வதுதான் ஹாம் ரேடியோ. அந்தப் பெயரைக் கேட்டதும் மொட்டை மாடியில் பெரிய ஆன்டெனா, அறை நிறையப் பெட்டிகள் என்றுதான் பலருக்கும் நினைவு ஓடும். நான் பேச வந்தது வேறு வகை. முதுகுப்பையில் ஒரு சின்ன ரேடியோ, ஒரு பேட்டரி, சுருட்டிய கம்பி. இவற்றைத் தூக்கிக்கொண்டு மலையேறி, உச்சியில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசிவிட்டு இறங்கி வருவது.

இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்று பெயர், சுருக்கமாக 'சோட்டா'. 2002 மார்ச்சில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கி, இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. நான் இங்கிலாந்தில் வசிப்பவன், அதனால் அந்தப் பக்கத்து மலைகளை வைத்தே சொல்கிறேன்.

விதிகள் எளியவை. கடைசி ஏற்றத்துக்கு மோட்டார் வண்டி கூடாது. காருக்குள் உட்கார்ந்து பேசினால் கணக்கில் வராது, பெட்ரோல் ஜெனரேட்டரும் கூடாது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் எங்கு வேண்டுமானாலும் கடை விரிக்கலாம். நான்கு வெவ்வேறு ஹாம் நிலையங்களோடு பேசிவிட்டால் அந்த மலைக்கான புள்ளிகள் உங்களுக்கு. உயரத்தைப் பொறுத்து 1 முதல் 10 வரை. கீழே வீட்டிலிருந்து பதில் சொல்கிறவர்களுக்கும் புள்ளி உண்டு. அவர்களைச் 'சேஸர்' என்கிறோம். ஏறியே 1000 புள்ளி சேர்த்தவருக்கு 'மலை ஆடு' என்று பட்டம்.

பேசத்தானே வேண்டும், எதற்கு மலை என்று கேட்கலாம். நாம் கையில் வைத்துப் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 100 மீட்டர் உயரத்தில் நின்றால் ரேடியோவின் தொடுவானம் சுமார் 41 கிலோமீட்டர். 978 மீட்டரில் நின்றால் கிட்டத்தட்ட 129 கிலோமீட்டர். அந்தப் பக்கமும் ஒருவர் மேட்டில் இருந்தால் தூரம் இன்னும் கூடும். ஐந்து வாட் போதும். ஊருக்குள் எல்.ஈ.டி. விளக்கும் சார்ஜரும் போடும் இரைச்சலும் மேலே இல்லை, மெல்லிய குரல்கூடத் தெளிவாகக் கேட்கும்.

ஆனால் நான் வலியுறுத்த வந்தது இதை அல்ல. இந்தப் பொழுதுபோக்கில் ரேடியோ ஒரு சிறு பங்குதான். பெரும்பங்கு மேலே போய்ச் சேருவதும் பத்திரமாக இறங்குவதும். புதிதாக வருகிறவர்கள் எந்த ரேடியோ, எந்த ஆன்டெனா என்று மாதக்கணக்கில் விவாதிக்கிறார்கள். எந்த வழியாக ஏறுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று யோசிப்பவர்கள் குறைவு. எனக்கு இது உண்மையிலேயே கவலை தருகிறது.

புள்ளியைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுப்பதும் சரியல்ல. புள்ளி உயரத்தை அளக்கிறது, கஷ்டத்தை அளப்பதில்லை. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா தீவுக்கூட்டம். அங்கே ஸ்டாக் லீ என்று ஒரு பாறை, 172 மீட்டர், கடலிலிருந்து சுவர்போல நிமிர்ந்து நிற்கிறது. படகில் போய், அலை இடம் கொடுத்தால் பாறையில் தாவி, கயிறு கட்டி ஏற வேண்டும். மேலெல்லாம் கடற்பறவைகள் கூடு கட்டும் இடம். உயரத்தை வைத்துப் பார்த்தால் அதெல்லாம் கடைசி வரிசை மலை. இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக்குக்கோ 10 புள்ளி, அங்கே கோடையில் குடும்பத்தோடு ஏறுகிறார்கள்.

அந்த ஸ்காஃபெல் பைக்கையே எடுத்துக்கொள்வோம். லேக் டிஸ்ட்ரிக்டில் இருக்கிறது, 978 மீட்டர். சோட்டா பட்டியலில் ஜி/எல்டி-001. வாஸ்டேல் பக்கத்திலிருந்து போகும் வழி குறுகியது, ஆனால் நெட்டுக்குத்து. எனக்குப் பிடித்தது சீத்வெயிட் வழி. இங்கிலாந்திலேயே மக்கள் வாழும் இடங்களில் அதிக மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கியது அது. பண்ணை வீட்டைத் தாண்டி, ஸ்டாக்லி பாலத்தைக் கடந்து, ஸ்டை ஹெட் கணவாய்க்கு ஏறினால் அங்கே மீட்புக் குழுவினர் ஸ்ட்ரெச்சர் வைத்திருக்கும் பெட்டி நிற்கும். அதிலிருந்து 'காரிடார்' பாதை, மலைச்சரிவை ஒட்டியே போகும்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்த வழி ஏறக்குறைய 7 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் சொச்சம். ஆக, நிற்காமல் நடந்தாலே மூன்று மணி நேரம். மேலே ஒரு மணி நேரமாவது ரேடியோவுக்கு வேண்டும். அப்புறம் இறங்க வேண்டும். நவம்பரில் அங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இந்தக் கூட்டலை வீட்டிலேயே போட்டு, திரும்பும் நேரத்தைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புகள் வரிசை கட்டி நிற்கும்போது மேலே உட்கார்ந்து அதை முடிவு செய்ய மனம் வராது.

உச்சி முழுக்கப் பாறைக் குவியல். முளை அடிக்க ஒரு பிடி மண் கிடைக்காது. ஆறு மீட்டர் ஃபைபர் கம்பத்தை இரண்டு பாறைகளுக்கு நடுவே செருகி, சுற்றிலும் கல் அடுக்கி, இழுவைக் கயிறுகளையும் கற்களிலேயே கட்ட வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸுக்குப் பத்து மீட்டர் கம்பி, நடுப்பகுதியைக் கம்பத்தின் நுனியில் ஏற்றி இரு முனைகளையும் சரித்துவிட்டால் ஆன்டெனா தயார். ஞாயிற்றுக்கிழமைகளில் நூறு பேர் ஏறும் மலை அது. பாதைக்குக் குறுக்கே கம்பி போகக் கூடாது. மற்றவர்கள் படம் எடுக்கும் கற்குவியலை விட்டு ஒதுங்கி உட்காருங்கள், 25 மீட்டர் விதி அதற்கு இடம் தருகிறது.

ஏறி வந்த வியர்வையோடு அசையாமல் உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் குளிர் எலும்பைத் தொடும். அதனால் கம்பத்தை நிமிர்த்துவதற்கு முன்பே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுவிடுவேன். விரல் விறைத்தால் மோர்ஸ் சாவி சொன்ன பேச்சு கேட்காது. பதிவு எழுதப் பென்சில்தான், நனைந்த தாளில் பேனா எழுதாது. திசைகாட்டியைச் செல்பேசி, ரேடியோ ஸ்பீக்கர் பக்கம் வைக்கவே கூடாது. அவற்றிலுள்ள காந்தம் முள்ளின் முனைகளையே மாற்றிவிடக்கூடும். வடக்கு என்று காட்டுவது தெற்காக இருக்கும். ஸ்காஃபெல் பைக்கில் மூடுபனி இறங்கும்போது அது உயிர்ப் பிரச்சினை. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிப் பாறைகள். வழி தவறுகிறவர்கள் பியர்ஸ் கில் என்ற ஆழமான ஓடைப் பிளவுக்குள் இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகும் மீட்புக் குழுவினர் அத்தனை பேரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

ஹாம் ரேடியோ கையில் இருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும், கீழே கேட்பவர் இல்லாமலும் போகலாம். ஒரு விசில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. இடி முழங்கினால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கம்பத்தை இறக்குங்கள். சேஸர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களில் பாதிப் பேர் மலையேறிகள்தான்.

சரி, இங்கிலாந்தில் இருக்கும் தமிழர் யாராவது ஆசைப்பட்டால் எங்கே ஆரம்பிப்பது? முதலில் 'ஃபவுண்டேஷன்' என்ற தொடக்கநிலை ஹாம் உரிமம் எடுங்கள், பரீட்சை சுலபம். பிறகு வூஸ்டர்ஷயர் பீக்கன். மால்வெர்ன் குன்றுகளில் உயரமானது, 425 மீட்டர். பர்மிங்ஹாமிலிருந்து ரயில் ஏறினால் கிரேட் மால்வெர்னில் இறங்கி, ஊருக்குள்ளிருந்தே நடக்கலாம். வழியில் செயின்ட் ஆன்ஸ் ஊற்று இருக்கிறது. நல்ல பாதை, வழி தவற வாய்ப்பு குறைவு. கம்பம், கம்பி எதுவும் வேண்டாம், கையடக்க ரேடியோ ஒன்று போதும். 145.500 மெகாஹெர்ட்ஸில் 'சீக்யூ சோட்டா' என்று அழைத்து ('சீக்யூ' என்றால் யாராவது பதில் சொல்லுங்கள் என்று பொருள்), உரிமத்தோடு கிடைத்த உங்கள் அழைப்புக்குறியையும் மலையின் பெயரையும் சொல்லுங்கள். யாராவது பதில் தந்ததும் பக்கத்து அலைவரிசைக்கு நகர்ந்துவிடுங்கள், 145.500 அழைப்பதற்கு மட்டும். வார இறுதியில் காலை பத்து மணிக்கு மேல் போனால் கேட்பதற்கு ஆள் இருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.