அலைமகளை விற்ற கதை

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

பழைய படகை விற்றுவிட்டுச் சின்னப் படகுக்கு மாறிய கதையைச் சொல்லுங்கோ என்று நிலையத்தார் கேட்டபோது தயங்கினேன். வீடு விற்ற கதை என்றால் ரொறன்ரோவில் நாலு பேர் காது கொடுப்பார்கள். படகு விற்ற கதையை யார் கேட்பார்கள்? "எங்கட ஆக்கள் இப்ப படகு வாங்குகினம் அண்ணை, விற்கத்தான் ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்றார் தயாரிப்பாளர். சரி என்று வந்துவிட்டேன்.

எங்கள் படகு 1989ஆம் ஆண்டுக் கட்டு. 28 அடி நீளம், 10 அடி அகலம். உள்ளே நாலு பேர் படுக்கலாம். சின்னச் சமையல் மேடை, தண்ணீர் சூடாக்கி, கழிப்பறை, எல்லாம் உண்டு. கேபின் குரூசர் என்பது இதைத்தான். 2008இல் இன்னொருவரிடம் வாங்கினோம். பின்பக்கத்தில் 'அலைமகள்' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். நான் வல்வெட்டித்துறையான். கடலை விட்டு வந்து முப்பது வருடமானாலும் ஏரியைக் கண்டால் கை சும்மா இராது.

அந்தப் படகு எங்களுக்கு நல்ல கோடைகளைத் தந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஜோர்ஜியன் விரிகுடா வரை 386 கிலோமீற்றர் ஓடுகிற ட்ரெண்ட் செவர்ன் நீர்வழி நம்மில் பலருக்குத் தெரியாது. ட்ரெண்டனில் உள்ளே போனால், படகைப் படிப்படியாக மேலே தூக்கிவிடும் லொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பீற்றர்பரோவில் இருக்கிறது 21ஆவது. 1904இல் திறந்தது. இரண்டு பெரிய தொட்டிகள், ஒன்று மேலே, ஒன்று கீழே. மேல் தொட்டிக்குள் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, கீழ்த் தொட்டி நம் படகோடு கிட்டத்தட்ட 20 மீற்றர் மேலே வரும். தூக்குவதற்கு மோட்டார் இல்லை. "அப்பா, இது எங்கட ஊர்த் துலா மாதிரி" என்றாள் மகள். அவள் துலாவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள், ஆனால் சரியாகச் சொன்னாள்.

பிறகு பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்கு அவர்களுடைய வேலை. எனக்கு முழங்கால் வலி. ஆனால் படகு மட்டும் வளர்ந்த பிள்ளைபோல் நடந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒன்று கேட்டது.

செலவைச் சொல்கிறேன். படகு கட்டிவைக்கும் துறைக்கு இங்கே மரீனா என்று பெயர். அங்கே அடிக்கணக்கில்தான் பணம், 28 அடிக்கும் கட்டவேண்டும். இலையுதிர் காலத்தில் பாரந்தூக்கியால் தூக்கிக் கரையில் வைக்க ஒரு பணம், வசந்தத்தில் இறக்க ஒரு பணம். குளிருக்கு முன் இயந்திரத்துக்குள் இருக்கும் ஏரித் தண்ணீரை முழுக்க வடிய விட்டு, இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஓடவிட வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீர் உள்ளே தங்கி உறைந்தாலும் இரும்பு பிளக்கும். சூடாக்கிக்கும் கழிப்பறைக் குழாய்க்கும் அதே வைத்தியம். இயந்திரம் 5.7 லீற்றர் வி-8, பெற்றோல். வேகம் எடுத்து ஓடினால் மணித்தியாலத்துக்கு 50 லீற்றருக்கு மேல் குடிக்கும்.

ஒரு ஒக்ரோபர் மாலை, எல்லாவற்றையும் மூடிவிட்டு, இயந்திரம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டும் மீற்றரைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் 41 மணித்தியாலம். அந்த மூன்று வருடச் செலவு 18,000 டாலருக்குக் கிட்ட. மணித்தியாலத்துக்கு 400 டாலருக்கு மேல்! வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அந்தக் காசுக்கு நயாகராவில வருசம் முழுக்க ரூம் எடுக்கலாம்" என்றார். அவருடைய கணக்கு கொஞ்சம் தாராளமானது, ஆனால் எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

விற்பதென்று முடிவு. முதல் பிழையை உடனே செய்தேன். நான் போட்ட காசையெல்லாம் கூட்டி விலை சொன்னேன். புது மெத்தை, புது நங்கூரச் சங்கிலி, புது பம்ப் என்று ரசீதுக் கட்டு. 24,000 டாலர் கேட்டேன். ஆறு கிழமை ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. பழைய படகுக்குள் போட்ட காசு சமைத்த சோற்றுக்கான விறகு. விறகுக்கு யார் காசு தருவார்கள்? அதே வயது, அதே நீளப் படகுகள் என்ன விலைக்கு விளம்பரத்தில் நிற்கின்றன என்று பார்த்தபிறகு 14,000க்கு இறங்கினேன். அப்புறம்தான் தொலைபேசி அடித்தது.

இரண்டாவது பிழை, குளிர்காலத்தில் காட்டினது. தண்ணீரில் இல்லாத படகை யார் நம்புவார்கள்? வாங்குகிறவர் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். வந்த இருவரும் குளிருக்காகப் பிளாஸ்ரிக் தாளில் பொதிந்து நின்ற படகைச் சுற்றி நடந்துவிட்டுப் போய்விட்டார்கள். மே கடைசியில் ஏரியில் இறக்கியபிறகு வந்தவர் ஓஷவாப் பக்கத்து இளம் குடும்பக்காரர், ஆறு வயது மகனோடு வந்தார்.

அதற்கு முதல் நாள் இரவு வீட்டுக்காரியும் நானும் பேசிக்கொண்டோம். படகின் நோய்களை முதலில் நாங்களே சொல்லிவிடுவது என்று. ஒன்று, பின்னால் படகைத் தள்ளும் காற்றாடி பூட்டியிருக்கும் அலகுக்கும் படகுக்கும் இடையில் ஒரு ரப்பர் உறை உண்டு. கொல்லன் துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். அதற்கு இங்கே பெயரே துருத்திதான், பெலோஸ் என்பார்கள். அது கிழிந்தால் கட்டிய இடத்திலேயே படகு தாழ்ந்துவிடும். எங்களுடையதற்கு மாற்றும் தவணை வந்துவிட்டது. இரண்டு, பின்சுவரில் ஈரம் இருக்கிறது என்ற என் சந்தேகம். வெளியே கண்ணாடியிழை, உள்ளே மரப்பலகை. ஓட்டை போட்ட இடத்தில் தண்ணீர் புகுந்தால் பலகை உள்ளேயே உக்கும், வெளியே பளபளப்பாகத்தான் தெரியும்.

அவர் வந்தபோது அப்படியே சொன்னோம். மறுநாள் அவர் படகு மதிப்பீட்டாளரைக் கூட்டி வந்தார். பழைய படகென்றால் காப்புறுதிக்காரர்கள் பெரும்பாலும் அந்த அறிக்கையைக் கேட்பார்கள். வந்தவர் கையில் சின்னச் சுத்தியல். பலாப்பழம் தட்டிப் பார்ப்பதுபோல அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்ற சத்தம். பின்சுவரில் ஓர் இடத்தில் 'தொப்' என்றது. ஈரம் அளக்கும் கருவியும் அதையே சொன்னது. வாங்க வந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நேற்றே சொன்னீர்கள்" என்றார். விலையில் 2,500 குறைத்தோம். 11,500க்கு முடிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த 'தொப்'போடு அவர் காரில் ஏறிப் போயிருப்பார், நான் இன்னொரு குளிருக்குப் பணம் கட்டியிருப்பேன்.

ஓடவிட்டுக் காட்டும்போது ஒன்று கவனியுங்கள். உள்ளே இயந்திரம் வைத்த பெற்றோல் படகென்றால், கிளப்புவதற்கு முன் காற்று வெளியேற்றும் விசிறியை நாலு நிமிடம் ஓடவிட வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், அடியில் போய்த் தங்கும். அவசரப்பட்டு அதைத் தாண்டினால் ஒரு பொறி போதும்.

தாள்வேலை சின்னது. விற்பனைச் சீட்டில் இருவரும் கையெழுத்து. படகின் முன்பக்க இலக்கம் படகோடுதான் போகும், விற்றதை அரசுக்கு அறிவித்துவிட வேண்டும். வாங்குகிறவர்கள், அதன் மேல் யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா என்று மாகாணப் பதிவேட்டில் தேடிப் பார்ப்பது நல்லது.

அப்புறம் அந்தப் பெயர். "இந்த எழுத்துகளை எடுத்தால் வருத்தப்படுவீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எங்கள் ஊர் நினைவுக்கு வந்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணியை வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டி, எங்கள் ஊர் மாலுமிகளோடு கடல் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். 1938இல் அது மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தில் போய் நின்றது. அன்னபூரணியே பெயர் மாறிப் போனபோது என் அலைமகள் எம்மாத்திரம்? எடுங்கள் என்றேன். காரில் ஏறியபிறகு கொஞ்ச நேரம் ரேடியோவைப் போடவில்லை.

இப்போது எங்களிடம் 17 அடி அலுமினியப் படகு. பின்னால் வெளியே தொங்கும் 90 குதிரைவலு இயந்திரம், ஃபோர் ஸ்ட்ரோக் என்பார்களே, அது. வீட்டு வாசலில் ட்ரெய்லரில் நிற்கிறது. பழையதை ஒன்ராறியோத் தெருவில் சும்மா இழுக்க முடியாது, 2.6 மீற்றருக்கு மேல் அகலமென்றால் தனி அனுமதி வேண்டும். இதை என் வண்டியே இழுக்கும். ஒரு சனி றைஸ் ஏரி, மறு சனி சிம்கோ ஏரி. ஏரி மாற்றும்போது அடி அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசியை எடுத்துவிட வேண்டும். 2022இலிருந்து அது இங்கே சட்டம். ஏரியைக் கெடுக்கும் சீப்ரா மட்டிபோன்ற அந்நிய உயிர்கள் ஏரிக்கு ஏரி தாவுவது நம் படகுகளில் ஏறித்தான். குளிருக்கு இயந்திரத்தை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தானே வடிந்துவிடும். முதல் கோடையிலேயே 60 மணித்தியாலம் ஓடிவிட்டேன்.

குறையும் உண்டு. மழை வந்தால் நனைய வேண்டும். ஒன்ராறியோ ஏரியில் காற்று எழும்பினால் இந்தச் சின்னதோடு அங்கே எனக்கு வேலை இல்லை. பெரிய குறை வீட்டுக்காரி சொல்வது. "ரொயிலற் இல்லாத போட்டுக்கு இனி என்னைக் கூப்பிடாதேங்கோ."

போன ஓகஸ்டில் கெஞ்சிக் கூட்டிப் போனேன். ஸ்டர்ஜன் ஏரியில் ஒரு குடாவுக்குள் நங்கூரம் போட்டுச் சாப்பிட்டோம். கொஞ்சத் தூரத்தில் ஒரு வெள்ளைப் படகு நின்றது. பின்னால் ஆங்கிலத்தில் புதுப் பெயர். வெயில் சாய்ந்தபோதுதான் கண்டேன். புது எழுத்துக்குக் கீழே, பழைய ஸ்டிக்கர் மறைத்து வைத்திருந்த இடம் மட்டும் மங்காமல் 'அலைமகள்' என்று லேசாகத் தெரிந்தது. மேல்தளத்தில் அந்தச் சின்னப் பையன் கைகாட்டினான். நான் எழுந்து நின்றேன். தொண்டை அடைத்தது, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்காரி என் தோளைத் தட்டினார். "கிட்டக் கொண்டு போங்கோ. அவையளிட்ட ஒருக்கா ரொயிலற் கேட்டுப் பாப்பம்."