கசகசாவா, அவலா? மாமாவின் கேரேஜில் துப்பாக்கி மருந்து தேர்ந்தெடுத்த கதை

வணக்கம் மக்களே. சத்துவாச்சாரி, எங்கள் வீட்டு மொட்டை மாடி. மணி காலை ஆறரை. எட்டு மணிக்கு மேல் போனால் நம் வேலூர் வெயிலில் நானும் தாங்க மாட்டேன், இந்த போனும் சூடேறி அணைந்துவிடும். அதனால் சட்டென்று ஆரம்பிக்கிறேன்.

மேசையைப் பாருங்கள். ஒரு கிண்ணத்தில் கசகசா, ஒன்றில் அவல், ஒன்றில் பொடியாக நொறுக்கிய சேமியா. பக்கத்தில் இரண்டு பேனா மூடிகள். சமையல் வீடியோ என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இன்றைக்குப் பேசப்போவது துப்பாக்கி மருந்து.

போன வருடம் டெக்சஸில் அக்கா வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், சனிக்கிழமை ஆனால் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் ரிவால்வரில் அட்டை இலக்கைச் சுடுபவர். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுகளைக் குனிந்து பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்பக்கத்தில் மருந்தைப் பற்றவைக்கிற கேப் என்ற சின்ன மூடியை மாற்றி, மருந்து போட்டு, புதுக் குண்டைச் செருகி மறுபடியும் தோட்டா ஆக்கிவிடுவார். அங்கே அதற்கு ரீலோடிங் என்று பெயர். கேரேஜில் பாதி இடம் அதற்குத்தான். காருக்கு வாசலில்தான் இடம்.

ஒரு நாள் அம்மா போன் செய்து மாமா எங்கே என்று கேட்டார். "மருந்து வாங்கக் கடைக்குப் போயிருக்கார்" என்றேன். "ஐயோ, உடம்புக்கு என்ன?" என்று பதறிவிட்டார். சிஎம்சி இருக்கிற ஊர்க்காரரிடம் மருந்து என்று சொன்னால் வேறு என்ன நினைப்பார்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நம் ஊரில் வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி தோட்டா செய்வதற்கே உரிமம் வேண்டும். தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரத்தையும்கூட தோட்டா என்ற சொல்லுக்குள்ளேயே அந்தச் சட்டம் அடக்கிவிடுகிறது. ஞாபகத்துக்கு ஒரு காலிக் கூடு எடுத்து வரலாமா என்று எனக்கு ஆசை. "ஏர்போர்ட்டில் உன் பையைப் பிரித்துவைத்து நாள் முழுக்க உட்கார வைப்பார்கள்" என்று அக்கா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதனால்தான் பேனா மூடி.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊருக்கு வந்ததும் நண்பர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எந்த மருந்துடா பவர் ஜாஸ்தி?" நானும் போன புதிதில் மாமாவிடம் இதையேதான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வெந்நீர் அடுப்புக்கு எது பவர், வைக்கோலா, வேலிகாத்தான் கட்டையா?" என்று திருப்பிக் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். வைக்கோல் குப்பென்று பிடித்து நொடியில் அடங்கிவிடும். வேலிகாத்தான் மெதுவாகப் பிடித்து நின்று எரியும். துப்பாக்கி மருந்திலும் அதே கதை. இது வெடிக்கிற பொருள் இல்லை, எரிகிற பொருள். நம் காட்பாடிப் பக்கம் தொழிற்சாலையில் கல்குவாரிக்கு வெடிமருந்து செய்தார்களே, அந்தச் சரக்கு பாறையைப் பிளக்கிற ஜாதி. துப்பாக்கிக்குள் அது போனால் துப்பாக்கியே மிஞ்சாது. துப்பாக்கி மருந்து எரிந்து வாயு ஆகி, அந்த வாயு குண்டைத் தள்ளுகிறது. எவ்வளவு வேகமாக எரிகிறது என்பதில்தான் ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம்.

நீளக் குழல் ரைஃபிளுக்கு மெதுவாக எரிகிற மருந்து. நாலு அங்குலக் குழல் ரிவால்வருக்கு வேகமாக எரிகிற மருந்து. குட்டைக் குழலில் மெதுவான மருந்தைப் போட்டால் குண்டு வெளியே போன பிறகும் அது எரிந்துகொண்டிருக்கும். வாய்முனையில் பெரிய தீப்பந்து, காதைப் பிளக்கிற சத்தம், குண்டுக்குப் பெரிய லாபம் இல்லை.

புல்ஸ்ஐ என்று ஒரு மருந்து. 1898லிருந்து விற்கிறார்கள், படுவேகம், அட்டை சுடுபவர்களுக்குச் செல்லம். யுனிக் 1900ல் வந்தது, அதைவிடக் கொஞ்சம் நிதானம். மேக்னம் என்கிற அதிக அழுத்தத் தோட்டா சுடுபவர்களுக்கு எச்110 என்று, கைத்துப்பாக்கி மருந்துகளில் ரொம்ப நிதானமான ஒன்று. அதைக் குறைத்துப் போடவே கூடாது. குறைத்தால் சரியாகப் பற்றாது, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடலாம். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் கதை முடிந்தது. இந்த எச்110ம் 296 என்று விற்கிற இன்னொரு டப்பாவும் ஒரே சரக்குதான். எச்பி-38, 231 இரண்டும் அப்படித்தான். மண்டித்தெருவில் ஒரே அரிசி இரண்டு பையில் வருவதில்லையா?

இப்போது கிண்ணங்கள். நைட்ரோசெல்லுலோஸ்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேரும். ஆனால் கேரேஜில் கண்ணுக்குத் தெரிவது உருவம்தான். பொடி உருண்டையாக ஒன்று, இதோ கசகசா மாதிரி. தட்டையாக ஒன்று, அவல் மாதிரி, ஆனால் எள்ளைவிடச் சின்னது. குச்சி குச்சியாக ஒன்று, இந்தச் சேமியா மாதிரி. அது பெரும்பாலும் ரைஃபிளுக்குப் போகும். எல்லாம் சாம்பல் கலந்த கறுப்பு, மேலே கிராஃபைட் பூச்சு. அந்தப் பூச்சால்தான் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு விழுகிறது.

மருந்தை ஒவ்வொரு தடவையும் தராசில் நிறுத்துப் போட நேரம் ஆகும். அதற்கு ஒரு அளவி இருக்கிறது. மேலே மருந்து, கைப்பிடியை இழுத்தால் ஒரே அளவு கீழே விழும். பத்துக்கு ஒன்றைத் தராசில் வைத்துச் சரிபார்ப்பார்கள். அந்தத் தராசு எவ்வளவு நுட்பம் என்றால், தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் முள் நிற்காது. டெக்சஸ் வெயிலும் நம் ஊருக்கு இளைத்தது இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்போம். அளவு கிரெயினில். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பெரும்பாலும் பத்துக் கிரெயினுக்குள்தான் போகும். ஆக ஒரு பவுண்டு டப்பா பெரும்பாலும் எழுநூறு தோட்டாவுக்குக் குறையாமல் வரும்.

உருண்டை மருந்து இந்த அளவியில் தண்ணீர் மாதிரி இறங்கும், அளவு பிசகாது. தட்டை மருந்து அவ்வப்போது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், ஒரு தடவை கொஞ்சம் கூட, ஒரு தடவை கொஞ்சம் குறைய. அடர்த்தியான மருந்து என்றால் கொஞ்ச இடத்திலேயே அடங்கிவிடும். அப்போது கசகசாதானே ஜெயிக்க வேண்டும்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமாவின் ரிவால்வர் .38 ஸ்பெஷல். அந்தத் தோட்டா 1898ல் பிறந்தது. பிறக்கும்போது கரிமருந்துக்குப் பிறந்தது. கரிமருந்து உங்களுக்கு அந்நியம் இல்லை. தீபாவளி வெடியில் இருப்பது அதன் சொந்தக்காரன். ஜவ்வாது மலைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கியில் வாய் வழியாகக் கொட்டிக் கம்பியால் இடிப்பதும் அதுதான். 1806 ஜூலை 10ம் தேதி விடிவதற்கு முன்னால் நம் வேலூர்க் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளம்பிய சிப்பாய்கள் சுட்டதும் அதைத்தான். காகிதப் பொட்டலத்தில் மருந்தும் குண்டும். ஒவ்வொரு சுடுதலுக்கும் பொட்டலத்தைப் பல்லால் கடித்துக் குழலில் கொட்ட வேண்டும். கோட்டை மதில் மேல் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கடைசியில் மருந்தும் குண்டும் தீர்ந்து, கையில் மிஞ்சியது கத்தி முனைதான். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்காரத் தளபதி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தது அந்த நிலைமையில். இந்தக் கதைக்குத் தனி வீடியோ போட வேண்டும். இப்போதைக்கு விடுங்கள்.

கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடும்தான். அதனால் நிறையப் போட வேண்டும், அதற்குப் பெரிய கூடு வேண்டும். .38 கூடு 29 மில்லிமீட்டர் நீளம் இருப்பது அதனால்தான். இன்றைய புகையில்லா மருந்து அடியில் கொஞ்சம் போட்டாலே போதும், மீதி எல்லாம் வெற்றிடம். வெறும் கூடு, அடியில் ஒரு சிட்டிகை.

என் வில்லங்கம் அந்த வெற்றிடத்தில்தான் பிறந்தது. மாமா அன்றைக்கு ஒரு அடர்த்தியான மருந்து வைத்திருந்தார். பெயர் வேண்டாம், மருந்து மேல் தப்பு இல்லை, தப்பு முழுக்க என்னுடையது. ஐம்பது குழி வெட்டிய மரப்பலகையில் ஐம்பது கூடு நிற்கிறது. நான் அளவியை இழுத்து இழுத்து வரிசையாகப் போட்டுக்கொண்டு வருகிறேன். முப்பதைத் தாண்டியிருப்பேன். அம்மா போன். அங்கே ராத்திரி, இங்கே காலை. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் என்று நான் நினைத்த இடத்திலிருந்து.

இதோ காட்டுகிறேன். இந்த மூடியில் கசகசா ஒரு அளவு. கால் மூடிகூட இல்லை. மறுபடியும் ஒரு அளவு. கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். அரை மூடிக்கும் கீழே. மேலே குண்டை வைத்து அழுத்தினால் உள்ளே ஒன்றா இரண்டா என்று கடவுளுக்குத்தான் தெரியும். கார் டயரில் 32 பிஎஸ்ஐ அடிக்கிறோம். .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு வைத்திருக்கிற உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ. அதில் இரட்டை மருந்து எரிந்தால் ரிவால்வர் கையிலேயே பிளந்துவிடலாம்.

மாமா குண்டு செருகுவதற்கு முன்னால் எப்போதும் டார்ச் அடித்து ஐம்பது கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். கோவில் கிணற்றுக்குள் காசு தேடுகிற மாதிரி. அன்றைக்கு நாலாவது வரிசையில் நின்றுவிட்டார். பக்கத்துக் கூட்டைப் பார்த்தார், மறுபடியும் இதைப் பார்த்தார். "மச்சான், இங்க வா" என்றார். எட்டிப் பார்த்தேன். எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டையும் பத்து வினாடி மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் ஒன்றில் மட்டம் மேலே நிற்பது தெரிந்தது. எனக்கு வயிறு சில்லிட்டுப்போனது. அவர் திட்டவில்லை. ஐம்பதையும் கவிழ்த்து மருந்தை டப்பாவில் கொட்டிவிட்டு, "டீ போடு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனோம். அலமாரியில் டப்பாக்கள், நம் மளிகைக் கடையில் மசாலா அடுக்கியிருப்பது போல. டிரெயில் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. நடுவில் ஓட்டை உள்ள குட்டி வளையங்கள், உளுந்து வடைக்குப் பேரப்பிள்ளை மாதிரி. எடை குறைவு, இடத்தை அடைக்கும். பழைய பெரிய கூடுகளுக்காகவே செய்தது. நாங்கள் போன அன்று அது இல்லை. மாமா யுனிக் எடுத்தார். தட்டை மருந்து, அளவியில் முரண்டு பிடிக்கும், எரிந்தால் கொஞ்சம் கசடு. அவருக்கு அது எல்லாம் தெரியும். தெரிந்தே எடுத்தார்.

ஏன் என்று இந்த மூடியில் பாருங்கள். அவல் ஒரு அளவு. பாதிக்கு மேலேயே வந்துவிட்டது. இரண்டாவது அளவு... போச்சு, மேசை எல்லாம் அவல். யுனிக் இந்த அளவுக்கு வழியாது, நான் கொஞ்சம் மிகைப்படுத்திக் காட்டுகிறேன். ஆனால் டார்ச் இல்லாமலே என்னை மாதிரி ஆளுக்கும் தெரிகிற அளவுக்கு மேலே ஏறி நிற்கும். எனக்கு அது போதும். பத்தில் ஒரு கிரெயின் முன்னே பின்னே விழுந்தால் அட்டையில் ஓட்டை கொஞ்சம் தள்ளி விழும். அவ்வளவுதானே.

பழைய டப்பாவை அவர் தூக்கிப் போடவில்லை. 9 எம்எம் தோட்டாவுக்கு வைத்துக்கொண்டார். அந்தக் கூடு 19 மில்லிமீட்டர்தான், வெற்றிடம் குறைவு, அதில் இதே தப்பு கண்ணில் அடிக்கும். ஆனால் மேசையில் ஒரு நேரத்தில் ஒரே டப்பா. இரண்டு டப்பா மூடி திறந்திருந்தால் என்னை வேலையைத் தொட விட மாட்டார். எந்த மருந்து எவ்வளவு என்பதை மருந்துக் கம்பெனி போடுகிற புத்தகத்தில் விரல் வைத்துப் படிப்பார், மனப்பாடமாகத் தெரிந்தாலும். டப்பாக்கள் இருப்பது கேரேஜில் இல்லை, வீட்டுக்குள் குளிர்ச்சியான அலமாரியில். சூட்டில் கெட்டுப்போன மருந்து புளித்த நெடி அடிக்கும், செம்பழுப்பாகத் தூசி தட்டும். அதற்காக மூடியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார், அம்மா சாம்பார்ப் பொடியை மோந்து பார்க்கிற மாதிரியே.

என் போனுக்கு மட்டும் புதுச் சட்டம். அளவியில் கை வைப்பதற்கு முன்னால் அதை அக்காவிடம் கொடுத்துவிட வேண்டும். நடுவில் எழுந்து போனால் அதுவரை போட்டது முழுவதையும் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து. கிளம்புகிற வாரம் வரை அப்படித்தான் செய்தேன். ஒரு தடவை சிறுநீர் கழிக்கப் போனதற்குக்கூட நாற்பது கூட்டைக் கவிழ்த்திருக்கிறேன்.

கீழே இருந்து அம்மா கூப்பிடுகிறார். குருமாவுக்குக் கசகசா வேண்டுமாம். வர்றேம்மா! பேனா மூடியில் போட்டதையும் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.