சர்வே எண்ணை ஊருக்குச் சொல்லுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் வேளாண் பேராசிரியப் பெருமக்களே, நாற்று நடவை விட்டுவிட்டுச் செங்கல்பட்டிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் ரயிலேறிச் சென்னை வந்திருக்கும் உழவர் பெருமக்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் மாணவர்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகக் கிச்சிலிச் சம்பா கொடுத்த செயலாளருக்குத் தனி நன்றி.

மரபணு மாற்றப் பயிர்களின் வயல்வெளிச் சோதனை பற்றி மூன்று விஷயம் பேசுகிறேன்: இடைவெளி, கண்காணிப்பு, இழப்பீடு.

சோதனை வயலுக்கு 200 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் நெல்லின் மகரந்தம் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும். நெல் காற்றில் தப்புவதைவிடச் சாக்கில்தான் தப்பும்.

அமெரிக்காவில் எல்எல்601 என்று மரபணு மாற்றிய ஒரு நெல். களைக்கொல்லி அடித்தாலும் சாகாது. 2001-இலேயே சோதனையை முடித்துக் கட்டிவிட்டார்கள், விற்பனைக்கே வரவில்லை. 2006 ஆகஸ்டில் பார்த்தால், ஏற்றுமதிக்குப் போகிற நீள அரிசியில் அது கிடக்கிறது! செனியர் என்கிற சாதாரண ரகத்தின் விதையிலேயே கலந்திருந்தது. ஜப்பான் கதவைச் சாத்தியது. ஐரோப்பா, சோதித்த சான்று இல்லாமல் இறக்காதே என்றது. யார் தலையில் விடிந்தது? அந்த நெல்லைக் கண்ணால்கூடப் பார்க்காத விவசாயி தலையில். 2011-இல் அந்த நெல்லுக்குச் சொந்தக்கார நிறுவனம் 75 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. எப்படிக் கலந்தது என்று அந்நாட்டு வேளாண் துறை துருவித் துருவி விசாரித்தும் விடை கிடைக்கவில்லை.

ஆகவே கதிரடிக்கும் இயந்திரத்தை வயலிலேயே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சல்லடை இடுக்கில் பத்து நெல்மணி நின்றால் போதும், அடுத்த களத்துக்குப் போய்விடும். சாக்கு, வைக்கோல், ஓர வரிசைப் பயிர் எல்லாம் அங்கேயே எரிய வேண்டும். அடுத்த போகம் அந்த வயலில் நெல் கூடாது. தண்ணீர் கட்டி, சிந்தியதை முளைக்கவிட்டு, பூக்கும் முன் பிடுங்க வேண்டும். விதைப்பண்ணையில் கலவன், அதாவது வேற்று ரகச் செடி, எடுக்கிறோமே, அதே கண் வேண்டும்.

இதையெல்லாம் பதிவேட்டில் எழுதுவது யார்? சோதனை நடத்துபவரே! வேலியே பயிரை மேய்ந்தால்? மரபணு மாற்றப் பயிர்களைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளில் ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழு இருக்கிறது. அது கூடியதாக உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? அந்தக் குழு கூட வேண்டும். சோதனை வயலின் சர்வே எண் விதைப்புக்கு முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையில் ஏற வேண்டும். இடத்தைச் சொன்னால் போட்டி நிறுவனம் பயிரைத் திருடும் என்கிறார்கள். திருடன் வருவான் என்று பக்கத்து வயல்காரனுக்கா மறைப்பது? வேலி மேயாமல் இருக்க ஊர்க் கண் வேண்டும் ஐயா!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இழப்பீட்டைக் கேள்வி நேரத்தில் பார்த்துக்கொள்வோம். வாசல் மேசையில் ஆட்சியருக்கான மனு இருக்கிறது. வட்டத்தையும் கிராமத்தையும் மறக்காமல் எழுதிக் கையெழுத்திடுங்கள்.